பேசக் கூடாத விளையாட்டு

"கடை மேசையில உக்காந்திருக்காரே, முதல்ல அவரை வெளியே அனுப்புங்க மேடம்."

கிடங்கு மேனேஜர் எழுந்த வேகத்தில் மேசையிலிருந்த பொத்தான்களில் பாதி தரையில் உருண்டன. அந்த வகுப்பு விளையாட்டில் ஒரு பொத்தான் என்றால் ஒரு பெட்டி சோப்பு. பதவி உயர்வுக்காக, நாற்பது தாண்டிய வயதில் விநியோகச் சங்கிலி மேலாண்மையில் முதுகலை சேர்ந்து, மாலைகளையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் அதற்குத் தின்னக் கொடுத்த மனிதர், கடைசியில் பொத்தானுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"பேசக் கூடாது சார். இந்த விளையாட்டுக்கு இருக்கிறதே அந்த ஒரு விதிதான்" என்றார் பேராசிரியை. அவர் தன்னைவிட இளையவர் என்பதும் மேனேஜரின் கோபங்களில் ஒன்று.

மூன்று மேசைகள்: கடை, கிடங்கு, தொழிற்சாலை. நடுவே அட்டைத் தடுப்பு. வாடிக்கையாளருக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்ற அட்டை கடை மேசைக்கு மட்டும்தான் தெரியும். கடை கிடங்குக்குச் சீட்டு அனுப்பும். கிடங்கு தொழிற்சாலைக்கு அனுப்பும். சீட்டைத் தவிர வேறு பேச்சு வார்த்தை கிடையாது.

முதல் சீட்டில் எட்டு என்று வந்தது. 'சும்மா கூட்டிக் கேக்கறான்' என்று தோன்ற, மேனேஜர் நாலுதான் கொடுத்தார். அடுத்து பதினாறு வந்தது. அதற்கும் நாலுதான். அடுத்து முப்பது. பயந்துபோய் முப்பதையும் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையிடம் அள்ளிக் கேட்டுவிட்டார். அது வந்து குவிந்த நேரத்தில் கடையிலிருந்து வந்த சீட்டில் பூஜ்யம். அடுத்ததிலும் பூஜ்யம். அவர் மேசை பொத்தான் மலையானது.

இடைவேளையில் தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில், தொழிற்சாலை மேசைக்காரரைப் பிடித்துக்கொண்டார். நிஜத்தில் அவர் லாரி வைத்திருப்பவர். எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள்.

"இந்தக் கிறுக்கு ஆர்டரெல்லாம் எனக்குப் புதுசு இல்லண்ணே" என்றார் மேனேஜர். "எங்க கம்பெனியிலயும் ஒரு அம்மா இருக்கு. டவுன் கிளைப் பொறுப்பு. திடீர்னு மலையாக் கேக்கும். அனுப்பி வச்சா, வேணாம்னு அப்படியே திருப்பி விடும். என் கிடங்குல ஃபேன் சுத்த இடமில்ல, கூரை வரைக்கும் சோப்பு."

"ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே?"

"நாங்க பேசறதில்ல."

"ஏன்?"

"பேசறதில்லன்னா பேசறதில்ல. சீட்டு வரும், சரக்கு போகும். அவ்வளவுதான்."

லாரிக்காரர் தேநீரை ஊதிக் குடித்தார். மேனேஜர் கைப்பேசியை எடுத்து நீட்டினார். அந்த அம்மாவை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி, தலைமை அலுவலகத்துக்கு எழுதி வைத்த புகார் அதில் தயாராக இருந்தது. பெரிய அதிகாரியிடம் ஏற்கெனவே வாய்மொழியாகச் சொல்லியாகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, எழுத்தில் கொடுத்தால் அடுத்த நாளே மாற்றல் போட்டுவிடுவதாகவும், அப்புறம் வந்து தன்னிடம் கெஞ்சக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். கெஞ்சுவதா, நானா என்று மேனேஜர் அப்போது கொதித்ததில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. அது இன்னும் தைக்கப்படாமலே இருந்தது.

"வகுப்பு முடிஞ்சதும் அனுப்பிடுவேன். தொல்லை விட்டுது."

"அனுப்பறது உங்க இஷ்டம். ஆனா என் மேசையைக் காலி பண்ணினது நீங்கதான், அதை மறந்துடாதீங்க" என்றார் லாரிக்காரர்.

இடைவேளை முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும், பேராசிரியை அட்டைத் தடுப்புகளை எடுத்தார். கடை மேசையில் மருந்துக் கம்பெனி ஊழியர் ஒருவர், கண்ணாடிக்குள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாடிக்கையாளர் அட்டையெல்லாம் திருப்பிக் காட்டுங்க."

அவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். எட்டு. எட்டு. எட்டு. கடைசிவரை எட்டுதான்.

"அப்புறம் எதுக்குய்யா முப்பது கேட்டே?" மேனேஜர் மேசையைத் தட்டியதில் மிச்சப் பொத்தான்களும் தரைக்குப் போயின.

கண்ணாடிக்காரருக்கும் கோபம் வந்துவிட்டது. "நீங்கதான் எட்டு கேட்டா பாதி குடுக்கறீங்களே சார். எட்டு கிடைக்கணும்னா பதினாறு கேட்டாத்தானே ஆகும்? அதுக்கும் நாலுதான்னா வேற என்ன செய்வேன்? வாயைத் திறக்கவும் கூடாதுன்னுட்டாங்க."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. மேனேஜர் மட்டும் குனிந்து பொத்தான்களைப் பொறுக்கத் தொடங்கினார். டவுன் கிளையின் சீட்டுகள் ஒவ்வொன்றாய் அவர் கண் முன்னால் வந்தன. பேச்சு நின்ற கோபத்தில் அந்தச் சீட்டுகளை முதலில் பாதியாக்கியது யார் என்பதும் நினைவுக்கு வந்தது. யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. ஆள்தான் கிடைக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் கைப்பேசியை எடுத்தார். அடித்துவிடுவது போல அதை முறைத்துப் பார்த்துவிட்டு, புகாரை அழித்தார்.

வீட்டுக்கு வந்தபோது சட்டைப் பையில் சாவி இருந்தது. இருந்தும் மணியை அடித்தார்.

கதவைத் திறந்தது டவுன் கிளைப் பொறுப்பாளர். வழக்கம்போல முகத்தைப் பார்க்காமல், தட்டை மூடி வைத்திருக்கும் மேசையை விரலால் காட்டிவிட்டு உள்ளே திரும்பினாள்.

"நில்லு" என்றார் மேனேஜர். இத்தனை வாரத்தில் மனைவியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. "நெஜமாவே உனக்கு எவ்வளவுதான் வேணும்?"

அவள் நின்றாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எதுல கேக்கறீங்க, சோப்புலயா? ஞாயித்துக்கிழமையிலயா?"