ரெண்டுல ஒரு பக்கம்

கேளுங்களேன், என் மருமகள் சுகிர்தாவுக்குப் புது வேலை கிடைத்துவிட்டது! அவள் கம்பெனி இன்சூரன்சில்தான் என் டயாலிசிஸ் ஓடியது. பழைய வேலை போனதோடு அதுவும் போயிருந்தது. இன்று வீடே கொண்டாட்டம். அவள் அம்மா, தன் இதய நோயையும் மறந்து கேசரி கிளறி எல்லோருக்கும் ஊட்டினார். அப்போது ஃபோன் ஸ்பீக்கரில் புது கம்பெனிப் பெண் கேட்டாள்: "இன்சூரன்ஸ்ல பெத்தவங்களா, மாமனார் மாமியாரா மேடம்? ரெண்டுல ஒரு பக்கந்தான் சேர்க்க முடியும்."

சுகிர்தா ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"யோசிக்க என்னடி இருக்கு? அத்தை பேரைச் சொல்லு! எனக்கு மாத்திரையிலயே ஓடிரும்!" என்று சம்பந்தியம்மா கத்தினார்.

"அதெல்லாம் வேண்டாம், உங்க அம்மா பேரையே சொல்லும்மா" என்று சொல்ல நானும் வாயைத் திறந்தேன். சத்தம்தான் வரவில்லை. சுகிர்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.