பெட்டி வாயில் ஒரு சீட்டு

செத்த பல்லியைத் தூக்குவதுபோல் அந்தச் சீட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார் ரமேஷ்பாபு. "ச்சீ! இதைத் தொட்ட கையை டெட்டால் போட்டுக் கழுவணும்" என்றார்.

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருக்கிறது அந்தச் சின்னத் தமிழ்ச் சபை. போதகர் மாதத்தில் ஒரு நாள்தான் வருவார். மற்ற ஞாயிறுகளில் செயலாளர் ரமேஷ்பாபு வைத்ததுதான் சட்டம்.

வாசலில் ஒரு மரப்பெட்டி. ஜெப விண்ணப்பம் எழுதி அதில் போடலாம், சாவி ரமேஷ்பாபுவிடம். "பெட்டியில வந்த ஒவ்வொரு விண்ணப்பத்துக்காகவும் முழங்கால்ல நின்னு ஜெபிச்சேன்" என்று வாராவாரம் மைக்கில் சொல்லுவார், குரல்கூடத் தழுதழுக்கும். இன்று அந்தப் பெட்டியின் வாயில் பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்த சீட்டைத்தான் உருவிக்கொண்டு வந்திருந்தார்.

உரக்கப் படித்தார். "'கர்த்தாவே, நீர் இருக்கிறீரா என்றே எனக்குச் சந்தேகமாயிருக்கிறது.' கேட்டீங்களா? பேரும் போடலை, கோழை!"

பெஞ்சுகளில் "அய்யே" என்று முனகல் எழுந்தது.

"எந்தா பினு, இது உன் வேலைதானே? அப்பாவுக்காக அத்தனை ஜெபிச்சும் ஏன் செத்தாருன்னு போன மாசம் பைபிள் கிளாஸ்ல கேட்டது நீதானே?"

பினு எழுந்தான். "கேட்டேன் சேட்டா. ஆனா இதை எழுதலை."

"பொய் வேறயா? உன் மூணாவது ஓலையை இன்னைக்கு நான் வாசிக்கப் போறதில்லை. சந்தேகம் பிடிச்சவனுக்கு இந்தச் சபையில கல்யாணம் கிடையாது."

மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து அறிவித்தால்தான் அங்கே தாலி ஏறும். கல்யாணமோ வருகிற புதன்கிழமை. எதிர் வரிசையில் இருந்த மணப்பெண் மஞ்சுஷா முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அதைப் பார்த்து அந்த மனுஷன் முகத்தில் ஒரு திருப்தி வேறு.

"சேட்டா, அது தமிழ்ல இருக்கு. எனக்கு எழுத வராது. நான் படிச்சது மலையாளமல்லே?"

"யாரையாவது வச்சு எழுதியிருப்பே. எவ்வளவு அழுக்கு மனசு! உங்கம்மாவைப் பாருடா. உங்கப்பா பாலையா போய் மூணு வருஷமாச்சு, ஒரு ஞாயிறு தவறியிருக்காங்களா? அந்த வயித்துல நீ எப்படித்தான் பொறந்தியோ!"

பினுவின் அம்மா காளியம்மை கார்ப்பரேஷனில் தெரு பெருக்குகிறவள். ஞானஸ்நானம் வாங்கியும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. கேட்டால் "கர்த்தருக்கு என்னை இந்தப் பேர்லதான் அடையாளம் தெரியும்" என்பாள். ஞாயிறு விடிந்ததும் முதல் ஆளாக வந்து சபைத் தரையைத் துடைப்பதும் அவள்தான்.

அவள் எழுந்து முன்னால் வந்தாள். "ஏன் சார் பாதியில நிறுத்திட்டீங்க? மீதியையும் படிங்க."

"இந்த அசிங்கத்தையா? என் வாயால படிக்க மாட்டேன்."

"அப்ப நான் சொல்றேன்." காளியம்மை சீட்டைப் பார்க்கக்கூட இல்லை. "'ஆனாலும் அடுத்த ஞாயிறும் வருவேன். என்னைக் கைவிடாதேயும்.' சரியா இருக்கா பாருங்க."

ரமேஷ்பாபு குனிந்து பார்த்தார். ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது. பினு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்களா அக்கா?" ரமேஷ்பாபுவுக்கு வார்த்தை குழறியது. "இப்படி ஒரு சந்தேகத்தை மனசுல வச்சுக்கிட்டு… எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உங்களுக்காக உருகி ஜெபிச்சிருப்பேனே!"

"மூணு வருஷமா வாராவாரம் எழுதிப் போட்டேனே சார். பெட்டி நிறைஞ்சிருச்சு."