பஸ் கண்ணாடியில் ஒரு முகம்

திண்டிவனத்து மத்தியான வெயில் லேப்டாப் திரையில் விழுந்து கூசுகிறது. ஜெசிந்தா துப்பட்டாவை ஜன்னலில் கட்டி மறைக்கிறாள். ஒரு காதல் காமெடிப் படத்தின் முதல் காட்சியை அலசி எழுதச் சொல்லியிருக்கிறார்கள் காலேஜில். இதே ஊர் பஸ் ஸ்டாண்டில் எடுத்த படம். கதாநாயகி ஓடிவந்து மோத, கதாநாயகன் கையிலிருந்த மல்லாட்டைப் பொட்டலம் சிதறி வேர்க்கடலை உருள்கிறது. "மோதல்லயே காதலைச் சொல்லிட்டாரு டைரக்டரு, பாத்தியாம்மா?" என்கிறாள். அம்மா அமலா அந்த ஜோடியைப் பார்க்கவே இல்லை. ஜோடிக்குப் பின்னால், தள்ளுவண்டியோடு முதுகைக் காட்டி நிற்கிறான் சவுரிராயன். போன வருஷம் செத்துப்போன அவள் புருஷன். கேமராவைப் பார்க்கக் கூடாது என்று ஷூட்டிங் அன்று எல்லோருக்கும்தான் சொன்னார்கள். ஊரே பார்த்து இளிக்கிறது; அவன் மட்டும் திரும்பவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அமலா கையாட்டியும் திரும்பவில்லை. வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அவனுடைய ஆதார் அட்டைப் படம். அதில் அவன் சிரிக்கவில்லை. சிரித்த முகம் எங்கேயும் இல்லை. "பேஜாரு புடிச்ச மனுசன். நான் கையாட்டிக்கினே இருக்கறேன், ஒரு தபா திரும்புனா என்னவாம்?" "திரும்பக் கூடாதுன்னுதானேம்மா சொல்லியிருந்தாங்க." ஜெசிந்தா மறுபடி ஓட்டுகிறாள். அவனுக்கு முன்னால் விழுப்புரம் பஸ் ஒன்று மெல்ல ஊர்ந்து வருகிறது. "நிறுத்துடி!" மூடிய ஜன்னல் கண்ணாடியில் சவுரிராயனின் முகம். பல்லெல்லாம் தெரிய, கண்ணாடிக்குள் யாரையோ பார்த்துச் சிரிக்கிறான். "யாரைம்மா பாக்கறாரு?"  அமலாவின் கை தானாக உயர்ந்து மெல்ல ஆடுகிறது. ஜன்னலில் துப்பட்டா நழுவுகிறது. வெயில் பாய்ந்து அந்தச் சிரிப்பு அழிய, திரையில் கையாட்டும் அவள் பிம்பம் மட்டும் தெரிகிறது.