மிச்சம் முந்நூறு மீற்றர்

மருமகள் க்ரிஷ்மா சாப்பாட்டுப் பெட்டியை எடுக்கக் கை நீட்டியபோதுதான் மாகிரட் கண்டாள். சட்டைக் கைக்குள்ளே கறுப்பாய் ஒரு பட்டி.

நடை எண்ணுகிற பட்டி. மாகிரட்டினுடையது.

"போயிட்டு வாறன், அம்மா." க்ரிஷ்மா கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு வேலைக்கு ஓடிவிட்டாள்.

மாகிரட் போய்ச் செப மேசையிலிருந்த மாதா சுருவத்தின் காலடியில் பார்த்தாள். வைத்த இடத்தில் பட்டி இல்லை.

அது வெறும் பட்டியாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள்.

கணவர் றொபேட்டுக்கு ஒரு ஆசை இருந்தது. இங்கிலாந்தின் வடக்கே, வயலும் ஆட்டு மந்தையுமாய் ஒரு நடைபாதை. வழிநெடுக இடிந்த கோட்டைகள், கூரையில்லாத பழைய துறவி மடங்கள். பாதை முடிவதும் ஒரு மடத்து வாசலில்தான். "ரிட்டயர் ஆனதும் ரெண்டு பேரும் நடப்பம், மாகிரட்" என்று படப்புத்தகத்தைக் காட்டிக் காட்டியே வயசு போனது. ரிட்டயர் ஆக இரண்டு மாதம் இருக்க, மனுசன் தனியாய்ப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மகன் ஜொனாதன்தான் பட்டியை வாங்கிக் கட்டிவிட்டான்.

"நீங்கள் இங்க எங்கட கிளென் ஈடனில நடவுங்கோ, அம்மா. பட்டி எண்ணுற தூரத்துக்கு, போனில இருக்கிற பாதை மப்பில நீங்கள் இங்கிலாந்தில நடப்பியள்."

அப்படியேதான் நடந்தது. ஒவ்வொரு கோட்டையை எட்டும்போதும் போன் மணி அடித்துப் படம் காட்டும்.

காலையில் செபமாலையோடு இறங்கினால் அவளுக்கு ரோட்டே மாறிவிடும். ரயில் ஸ்டேஷன் கோட்டை வாசலாகும். மூலை டெயரிக் கடையின் சுவரில் பாசி படரும். மலைப்பக்கமிருந்து வருகிற தூறல் கூரையில்லாத மடத்துக்குள் இறங்கும். றொபேட் வழமைபோல இரண்டடி முன்னால், குடையை ஊன்றிக்கொண்டு போவார். "கொஞ்சம் நில்லுங்கோவன்" என்பாள். நிற்கமாட்டார். கடைசி மடத்து வாசலில்தான் திரும்பி நிற்பார் என்று அவளுக்குத் தெரியும்.

க்ரிஷ்மா கலியாணம் முடித்து வந்த புதிதில் அவளுக்கும் இதை ஒருநாள் மாகிரட் சொன்னாள். ஃபிஜிக்காரப் பிள்ளை, தமிழ் அரைகுறை. விளங்கியதோ என்னவோ, தலையை ஆட்டினாள்.

றொபேட்டின் இரண்டாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு முதல் அந்த வாசலை எட்டிவிட வேண்டும். எழுபது கிலோமீற்றர் மிச்சம். அப்போது பார்த்து முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியது.

"மூண்டு கிழமைக்கு நடக்கக் கூடாது" என்றார் டொக்டர்.

பூசைக்கு இருந்ததும் மூன்று கிழமைதான்.

மாகிரட் பட்டியைக் கழற்றி மாதாவின் காலடியில் வைத்தாள். போனைப் பார்க்கவே மனம் வரவில்லை. அலுமாரிக்குள் போட்டுவிட்டாள்.

அந்தப் பட்டிதான் இப்போது மருமகள் கையில்.

கோயில் சிநேகிதி ஸ்வர்ணாவுக்கு லான்ட்லைனில் எடுத்தாள்.

"அவ வேலை செய்யிற சூப்பர்மார்க்கெட்டில நடைப் போட்டி வைச்சிருக்கினமாம். ஒன்லைன் ஓடருக்குச் சாமான் எடுக்கிறவை நாள் முழுக்க நடக்கிறவை. கூட நடக்கிற ஆளுக்கு வவுச்சர். அதுக்கு என்ர பட்டி, ஸ்வர்ணா! என்ர கால் வீங்கினது அவவுக்கு வசதியாப் போச்சு."

"நேர கேளுமன்."

"கேக்கமாட்டன். மாதாவிட்டச் சொல்லிப்போட்டன்."

"மாதாவுக்கு மருமகள் வரேல்லையே. உந்தக் கஷ்டம் அவவுக்கு எங்க விளங்கப் போகுது!"

மாகிரட் சிரிக்கவில்லை. அன்று செபமாலை முழுக்க ஒரே மன்றாட்டு. 'தாயே, அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் மனச்சாட்சியைக் குடு.'

பின்னேரம் பட்டி பழையபடி சுருவத்தடியில் கிடந்தது, ஒன்றும் நடக்காத மாதிரி. விடிந்தால் காணாமல் போகும். இரண்டு கிழமையாய் இதே கதை. மாகிரட் சாப்பாட்டுக் கோப்பையை மருமகள் முன்னால் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

பூசை நாள் வந்தது. வீக்கமும் வற்றியிருந்தது.

"என்னம்மா, போன் செத்துக் கிடக்கு?" ஜொனாதன் அதைத் தேடி எடுத்துச் சார்ஜில் போட்டான்.

மணி அடித்தது. ஆற்றங்கரையில் ஒரு கோட்டை. மறுபடி மணி. உடைந்த கல் பாலம். மறுபடி. கொடி படர்ந்த கோபுரம், அதன் வெறும் சன்னலுக்குள் வானம்.

மாகிரட்டுக்குக் கனவுபோல இருந்தது. தான் கட்டிலில் கிடந்த நாளெல்லாம் அந்தப் பாதையில் யாரோ நடந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

நிமிர்ந்தாள். கதவோரம் க்ரிஷ்மா சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு குதிக்காலிலும் பிளாஸ்ரர்.

"நீரா, பிள்ளை?"

"சொறி, அம்மா. கேக்காம எடுத்தன்."

"அப்ப உங்கட கடைப் போட்டி?"

"அதில நான் சேரவே இல்லை."

போனில் கடைசி வரி: மிச்சம் முந்நூறு மீற்றர்.

க்ரிஷ்மா பட்டியை எடுத்து வந்து மாமியின் மணிக்கட்டில் கட்டினாள். "உங்கட மப் என்ர போனிலயும் இருக்கு. முந்நூறு வந்ததும் கழட்டிட்டன். ஜொனாதன் காரைச் சேர்ச்சுக்குக் கொஞ்சம் முதல் நிப்பாட்டுவார். மெல்லமா நடப்பம்."

"இவ்வளவு தூரம் நடந்தனீர்..." மாகிரட் பட்டியைத் தடவினாள். "இந்த முந்நூறையும் நடந்து முடிச்சிருக்கலாமே, மகள்?"

க்ரிஷ்மாவின் தமிழ் ஜொனாதன் பழக்கியது. சொல் தேடித் தேடித்தான் வரும்.

"வாசல்ல அப்பா நிப்பார் எண்டு நீங்கதானே சொன்னது, அம்மா. என்னை அவர் ஒருநாளும் பாத்ததே இல்லை. நான் போய் நிண்டா, 'ஆர் நீர்' எண்டு கேப்பார்."