பகா எண்ணில் பங்கு

"சார், நாம கண்டுபிடிச்ச பகா எண்ணைப் பத்தி ஒண்ணு சொல்லணும்," என்றாள் ஆராய்ச்சி மாணவி ஜோனலின்.

நிருபர்களைச் சந்திக்கக் கிளம்பிய பேராசிரியர் எஸ்கலாந்தே பாரோங் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே முறைத்தார். "'நாம'வா? பத்து லட்சம் இலக்கம் உள்ள எண்ணும்மா அது! ஜீப்னி வண்டி ஓட்டுறவர் பொண்ணுக்கு அதுல பங்கு வேணுமோ?"

"பங்கு கேக்கல சார். நேத்து சரிபார்த்தப்ப..."

"சரிபார்க்கிறதுக்கு நான் இருக்கேன். நீ வாயை மூடிக்கிட்டு வந்தவங்களுக்குப் பான்சித் நூடுல்ஸ் பரிமாறு, போ."

எம்.எஸ்ஸி. கணிதத்தில் முதலிடம் பிடித்தவளுக்கு இதைவிடப் பெரிய பதவி வேறென்ன வேண்டும்? பரிமாறப் போனாள்.

மேடையில் பேராசிரியர் முழங்கினார். "ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாத எண் இது! முழுக்க முழுக்க என் உழைப்பு. இதுல வேற யாருக்கும் துளிகூடப் பங்கில்ல!"

முன்வரிசை நிருபர் ஜோனலினைப் பார்த்தார். "நீங்க அவரோட மாணவிதானே? உங்களுக்குமா பங்கில்ல?"

"சத்தியமா இல்லீங்க. அதைக் கொட்டை எழுத்துல போடுங்க," என்றாள் ஜோனலின். "நான் அந்த இலக்கங்களைக் கூட்டி மட்டும்தான் பார்த்தேன். அந்த எண் மூணால மீதியில்லாம வகுபடுது."