காலரில் ஒரு குழாய்

“இன்னிக்கும் அதைக் கட்டிக்கிட்டு வந்துட்டியா?”

சுரங்கத்து லிஃப்ட் வாசலில் நின்றிருந்த மேனேஜருக்கு முகம் வாடிவிட்டது. எதிரே பாறையில் துளை போடும் டிரில்லர், தலையில் விளக்கும் இடுப்பில் ஒரு டப்பாவுமாக நின்றான். எல்லோரும் அவனை ‘சீட்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். டப்பாவிலிருந்து புறப்பட்ட மெல்லிய குழாய் முதுகு வழியாக ஏறி, சட்டைக் காலரில் கிளிப் போட்டு நின்றது. டப்பா ‘உய்ங்ங்’ என்று ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது.

“நான் என்ன சார் பண்றது? இது தூசி அளக்கறவங்க விவகாரம். நான் வெறும் சுவத்து ஆணி. மாட்டினா தொங்கவிட்டுக்க வேண்டியதுதான்.”

மேனேஜர் பெருமூச்சு விட்டுப் போனை எடுத்தார். “ஃபேனை முழுசா போடு. கீழ தண்ணி வால்வைத் திற. சீட்டி இன்னிக்கும் குழாயோட வரான்.”

மூன்று வாரத்துக்கு முன்னால் சோதனைக்கூடத்திலிருந்து ஒரு அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கி, சீட்டியின் இடுப்பில் இப்படி ஒரு டப்பாவைக் கட்டிவிட்டிருந்தார். துளை போடும்போது கண்ணுக்குத் தெரியாத கல் பொடி பறக்கும். டப்பா அதைக் குழாய் வழியாக உறிஞ்சி உள்ளே இருக்கும் வடிதாளில் படிய வைக்கும். தாளை எடை போட்டால் ஒரு ஆள் எவ்வளவு பொடியைச் சுவாசிக்கிறான் என்று தெரிந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அளவு எல்லை தாண்டினால் சுரங்கத்துக்குப் பூட்டு விழும் என்பதையும் அதே பொறுமையோடு சொன்னார். மேனேஜர் அன்று மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டார்.

மேனேஜர் கெட்டவர் ஒன்றும் இல்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். பெரிய ஃபேன் ஓடினால் பில் எகிறும். துளை போடும் இடத்தில் தண்ணீர் விட்டால் பொடி அடங்கும், ஆனால் சேறாகும், அதை இறைக்க இன்னொரு மோட்டார் வேண்டும். அதனால் ஃபேன் பாதி நாள் தூங்கும், வால்வு முழு நாளும் தூங்கும். யாராவது காலரில் குழாயோடு இறங்கினால் மட்டும் இரண்டும் அடித்துப் பிடித்து எழுந்துகொள்ளும்.

கீழே சீட்டியின் கூட்டாளி, தொப்பை, தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொண்டே சொன்னான்: “முன்னெல்லாம் நாலடி தள்ளி நின்னா உன் மூஞ்சியே தெரியாது. இப்ப நல்லா தெரியுது. அது ஒண்ணுதான் கஷ்டமா இருக்கு.”

சீட்டி சிரித்தான். சிரித்த பிறகு இருமல் வருகிறதா என்று ஒரு கணம் காத்திருந்து பார்த்தான். வரவில்லை.

ஒரு காலத்தில் அவன் அடிக்கிற சீட்டி லிஃப்ட் வரைக்கும் கேட்கும். போன வருஷத்திலிருந்து உதட்டைக் குவித்தாலே இருமல்தான் வந்தது; பேர் மட்டும்தான் மிச்சம். அவன் அண்ணனும் இதே வேலையில் இப்படித்தான் இருமலில் ஆரம்பித்தார். இன்று அவரால் மாடிப்படி ஏற முடியாது. ஃபேனை ஓட விடுங்கள் என்று அவன் கேட்காத நாள் இல்லை. “பார்க்கலாம்ப்பா” என்று மேனேஜர் சொல்லாத நாளும் இல்லை.

மறுநாளும் குழாய். அதற்கு மறுநாளும் குழாய். மேனேஜர் பொறுமை இழந்தார்.

“இன்னும் எத்தனை நாள்தான் அளப்பாங்களாம்? நானே அந்தம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுடறேன்.”

“தாராளமா கேளுங்க சார்,” என்றான் சீட்டி. “ஏன் இவ்வளவு அவசரமா கேக்கறீங்கன்னு அவங்க திருப்பிக் கேட்டா என்ன சொல்லணும்னு மட்டும் யோசிச்சு வச்சுக்குங்க.”

மேனேஜர் யோசித்தார். போன் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

சனிக்கிழமை அவரே கீழே இறங்கி வந்தார். வழக்கமாக மூக்கில் கைக்குட்டையை அமுக்கிக்கொண்டு வருகிறவர், அன்று அது கையிலேயே இருந்ததை மறந்து போனார். பாறை கண்ணாடி போலத் தெரிந்தது. இருமிக்கொண்டு வெளியே ஓடுகிற ஆள் யாரும் இல்லை. யாரோ கணீரென்று சீட்டி அடித்தார்கள். யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“வழக்கத்தைவிட இந்த வாரம் பாறை அதிகமா மேல வந்திருக்குப்பா,” என்றார் மேனேஜர், நம்ப முடியாதவராக. “கரண்ட் பில்லைக் கட்டியும் மிச்சம் நிக்கும் போலிருக்கே.”

“ஆளுங்க மூச்சு விட்டா வேலையும் நடக்கும் சார்,” என்றான் தொப்பை.

மேனேஜர் கொஞ்ச நேரம் சீட்டியின் காலரையே பார்த்தார். பிறகு தோளைத் தொங்கவிட்டார்.

“தினமும் உன் காலரைப் பார்த்துப் பார்த்து எனக்கு பி.பி. ஏறினதுதான் மிச்சம். இனிமே குழாய் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, ஃபேனையும் தண்ணியையும் யாரும் நிறுத்தக் கூடாது. நான் ஆர்டர் போட்டுடறேன். போதுமா?”

“போதும் சார்,” என்றான் சீட்டி. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அன்று தெரு முனையிலிருந்தே சீட்டி அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்த மனைவி, முதல் வேலையாக அவன் இடுப்பிலிருந்த டப்பாவைக் கழற்றினாள்.

“அந்தம்மா ஒரே நாள்ல அளந்து முடிச்சுட்டு அவங்க டப்பாவை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க என்னடான்னா மூணு வாரமா இதைக் கட்டிக்கிட்டு அலையறீங்க,” என்றபடி குழாயின் நுனியைக் கூடத்து மீன் தொட்டிக்குள் விட்டாள். தண்ணீரில் குமிழ் குமிழாகக் காற்று கிளம்பியது. “பாவம், மீனும் மூச்சு விட வேணாமா?”