பதினெட்டாம் வருஷத் தென்னங்கன்று

பிரசவ வலியில் பாதியை வாங்கிக்கொள்வதுதான் செண்பகராமனுக்கு வேலை. வலி வந்த பெண்ணின் கையில் வலியைக் கடத்தும் ஒரு பட்டை, அவர் கையில் அதன் ஜோடி. துணைக்கு ஆளில்லாமல் வருகிறவர்களுக்காக ஆஸ்பத்திரி அவரை வைத்திருந்தது.

சபரிமலைக்கு மாலை போடும் நாட்களில் மட்டும் லீவு. மாலையோடு பிரசவ வார்டுக்குள் போனால் தீட்டு. பதினெட்டாம் வருஷம் போகிறவர் மலையில் நட ஒரு தென்னங்கன்று கொண்டுபோவது வழக்கம். இந்த வருஷம் அது அவர் மடியில் இருந்தது.

பஸ் கிளம்பும் நேரத்தில் நர்ஸ் போன் செய்தாள். "அண்ணே, எஸ்தர்னு ஒரு பொண்ணு தனியா வந்திருக்கு. பட்டை போட ஆளில்ல. துடிக்குது."

செண்பகராமன் எழுந்து குருசாமியிடம் போனார். "மாலையைக் கழற்றிடுங்க சாமி."

"பதினேழு வருஷத்தையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க சாமி!"

"நெனச்சுட்டுத்தான் கேக்குறேன்."

ஏழு மணி நேரம். இடுப்பு பிளந்தது. எஸ்தர் "ஏசுவே" என்று கத்த, அடுத்த கட்டிலில் அவர் "சாமியே சரணம்" என்று கத்தினார். குழந்தை அழுதபோது இருவருக்கும் ஒரே நொடியில் வலி நின்றது.

"என்னால உங்க பயணம் கெட்டுப்போச்சே அண்ணே," என்றாள் எஸ்தர்.

"யாரு சொன்னா?"

மறுநாள் காலையில் பிரசவ வார்டு வாசலில் குழி தோண்டிக் கன்றை நட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, அடுத்து யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்க உள்ளே போனார்.